ஊருணி முன் கைகட்ட வேண்டாம்

ஆபுத்திரன் கையில் இருந்தது வற்றாத பாத்திரம். மதுரையில் சிந்தாதேவி அவனுக்குத் தந்த அமுதசுரபி அது என்கிறது மணிமேகலைக் காப்பியம். பாத்திரம் கிடைப்பதற்கு முன்பே அவன் அப்படித்தான் வாழ்ந்தான். வீடு வீடாக இரந்து வந்த சோற்றைக் கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடங்கியவர், நோயாளி, யாருமற்றவர் என்று எல்லோரையும் கூப்பிட்டு ஊட்டுவான். மிஞ்சியதைத் தான் தின்பான். இரந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுப்பான். அமுதசுரபி வந்த பிறகு அவனைச் சுற்றி எப்போதும் கூட்டம். மனிதர்களோடு பறவையும் விலங்கும்கூட வந்தன.

அப்போது இந்திரன் கிழ அந்தணன் வேடத்தில் வருகிறான். செய்த தானத்துக்குப் பலன் தருகிறேன், என்ன வேண்டும் என்கிறான். ஆபுத்திரனுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. உங்கள் விண்ணுலகில் அறம் செய்கிறவரும் இல்லை, காப்பாற்ற வேண்டியவரும் இல்லை, அங்கே எனக்கு என்ன வேலை என்று திருப்பிக் கேட்கிறான். இந்திரனுக்குக் கோபம். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் கிடந்த பாண்டிநாட்டில் மழையைக் கொட்டச் செய்கிறான். வயல் விளைகிறது, பசி ஒழிகிறது. ஆபுத்திரனைத் தேடி வர ஆளில்லை.

உலக இலக்கியத்தில் இப்படியொரு தண்டனை வேறு எங்காவது உண்டா என்று தேடிப் பார்க்கலாம். கொடுப்பவனைப் பாழாக்க, வாங்குபவர்களை வாழ வைக்கிறான் ஒரு தேவன். ஆபுத்திரன் ஊர் ஊராகப் போய்ப் பசித்தவர் உண்டா என்று கேட்கிறான். ஊர் அவனைக் கேலி செய்கிறது. கடலுக்கு அப்பால் சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் தனியாக விடப்படுகிறான். ஊட்ட ஓர் உயிர் இல்லாத இடத்தில் தன் உயிரை மட்டும் வளர்ப்பது எதற்கு என்று பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இறக்கிறான். மறுபிறவியில் அதே சாவக நாட்டின் அரசனாகப் பிறக்கிறான்.

இரந்து ஊட்டியவன் அடுத்த பிறவியில் அரசனாவது கதைக்கு அழகு சேர்க்க மட்டும் வைத்த திருப்பமாக இருக்க முடியாது. பசியைத் தீர்ப்பது யார் வேலை என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. நல்ல மனம் படைத்த தனி ஒருவனின் வேலையா, அரசின் வேலையா? அரசின் வேலை என்றால், அரசு தருவதற்குப் பெயர் தானமா? வாங்குகிறவர் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? யார் முன்னால் தலை குனிய வேண்டும்? ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீஸிலும் தினமும் எழுகிற கேள்விகள் இவை. இவற்றின் வேர் சமயத்திலும் மெய்யியலிலும் இருக்கிறது.

வள்ளுவர் இதற்குச் சொல் தந்திருக்கிறார். திருக்குறளில் 23-ஆவது அதிகாரம் ஈகை. அதற்கு முந்தைய 22-ஆவது அதிகாரம் ஒப்புரவறிதல். இரண்டும் ஒன்றல்ல. ஈகையில் கொடுப்பவர் ஒருவர், இல்லாதவர் ஒருவர் என்று இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்கிறவனின் கடமை. ஒப்புரவாளனின் செல்வத்துக்கு வள்ளுவர் காட்டும் உவமைகளில் ஒன்று நீர் நிறைந்த ஊருணி. ஊருணியில் குடத்தை முக்குகிறவள் யாரிடமும் கெஞ்சுவதில்லை. நீ ஏழை என்பதற்கு என்ன ஆதாரம் என்று குளம் கேட்பதில்லை. வெட்டியவர் யார், தூர் வாரியவர் யார், கரை காத்தவர் யார் என்றால் ஊர்தான். குடிக்கிறவரும் அந்த ஊர்தான்.

அரசு உதவி ஈகையைச் சேர்ந்ததல்ல, ஒப்புரவைச் சேர்ந்தது. அதை ஈகையாக நினைத்து நடத்தும் இடத்திலெல்லாம் ஏழை ஒருமுறை பசியாலும் இன்னொருமுறை அவமானத்தாலும் வாடுகிறார்.

இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது நாம் எல்லோரும் அறிந்த பழமொழி: பாத்திரம் அறிந்து பிச்சையிடு. தகுதி உள்ளவனுக்குக் கொடு, இல்லாதவனுக்குக் கொடுத்தால் கொடுத்ததும் வீண், புண்ணியமும் வீண் என்பது அதன் பொருள். தருமசாத்திரங்களிலும் தானம் பெறத் தகுதியானவரைப் பாத்திரம் என்றே சொல்வார்கள். தன் கைப்பொருளைக் கொடுக்கிற தனிமனிதருக்கு இந்த எச்சரிக்கை பொருந்தலாம். ஒரு அரசாங்கம் இதைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த மண் ஒருமுறை பார்த்திருக்கிறது.

1877 ஜனவரி. சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். இதே டெம்பிள் 1873–74-இல் வங்காளம், பீகார்ப் பகுதியில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கிப் பசிச்சாவு ஏறக்குறைய இல்லாமல் காப்பாற்றியவர். அதற்காகப் பாராட்டு வரவில்லை. பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற பழிதான் வந்தது. சென்னைக்கு வந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். நிவாரண வேலைக்கு வருகிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்றால் ஏறக்குறைய 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் சிறைக் கைதிகளின் உணவளவைக் காட்டி, கல் உடைக்கும் உடம்புக்கு இது போதவே போதாது என்று வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் காலம் கடந்திருந்தது. அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் மாண்டவர் ஐம்பது லட்சத்துக்கு மேல்.

அன்றைய நிர்வாகத்தின் மனசாட்சி எப்படி வேலை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களில் பலர் தாங்கள் கொடுமை செய்வதாக நினைக்கவில்லை. உதவியை எளிதாகக் கொடுத்தால் மக்கள் கெட்டுப்போவார்கள், சோம்பேறிகள் ஆவார்கள் என்று உண்மையாகவே நம்பினார்கள். அதனால் உதவியைக் கசப்பாக்க வேண்டும். வீட்டை விட்டுத் தொலைவில் இருக்கும் முகாமுக்கு நடந்து வர வேண்டும். முடியாதவர்போலத் தோன்றினாலும் மண் சுமக்க வேண்டும். அப்படியும் வருகிறவன்தான் உண்மையில் பசித்தவன். பாத்திரம் அறிகிற சோதனை இது. சோதனையில் தேறுவதற்குள் பாத்திரமே உடைந்துவிட்டது.

இதே சென்னை மாகாணத்தில், இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு அடுப்பு எரியத் தொடங்கியிருந்தது. 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் திறந்தார். பார்வதிபுரத்து மக்கள் தந்த 80 காணி நிலத்தில் எழுந்த சாலை. அன்று மூட்டிய அணையா அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே வந்தவரிடம் சாதி கேட்கவில்லை, சமயம் கேட்கவில்லை, ஏன் உழைக்கவில்லை என்று கேட்கவில்லை. வள்ளலாரின் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் பசி என்பதே முழுத் தகுதி. பசித்த உயிரைப் பார்த்தும் இரங்காத வழிபாட்டில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கடவுளை அடையும் வீட்டின் திறவுகோலே பசியாற்றுவதுதான் என்று நினைத்தவர் அவர். 1874-இல் அவர் மறைந்து மூன்று ஆண்டுகளில் டெம்பிள் வந்து சேர்ந்தார். ஒரே மாகாணம், ஒரே பசி. ஓரிடத்தில் நம்பி ஊட்டினார்கள், இன்னோரிடத்தில் சந்தேகப்பட்டு நிறுத்தார்கள்.

மணிமேகலையில் இன்னொரு காட்சி வருகிறது. அமுதசுரபியோடு மணிமேகலை புகாரின் சிறைக்கோட்டத்துக்குள் நுழைந்து கைதிகளுக்குச் சோறு போடுகிறாள். செய்தி சோழ அரசனுக்குப் போகிறது. உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவன் கேட்கும்போது, அவள் பொன் கேட்கவில்லை, விடுதலையும் கேட்கவில்லை. இந்தச் சிறையை அறக்கோட்டம் ஆக்கு என்கிறாள். குற்றம் செய்தவனுக்கும் சோறு உண்டு என்று சொன்ன காப்பியம் பிறந்த மண்ணில்தான், குற்றமே செய்யாத குடியானவனுக்குக் கைதிக்குக் கிடைக்கும் சோறாவது கிடைக்குமா என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் வாதாட வேண்டியிருந்தது.

சட்டி மறுபடி அரசின் அடுப்பில் ஏறியது இருபதாம் நூற்றாண்டில். 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் போட்டது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று காலனி அரசு மறுத்ததால் 1925-இல் அது நின்றது. கல்வி வேறு, சோறு வேறு என்று அவர்களுடைய கணக்குப் புத்தகம் பிரித்து வைத்திருந்தது. வயிறு அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். பாரதி பிறந்த ஊர். அன்று ஊர்மக்கள் நெல்லும் காயும் விறகும் கொண்டுவந்து கொடுத்துத்தான் பள்ளிச் சமையல் நடந்தது. இந்தத் திட்டத்துக்காக மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு ஊர் ஊராகப் பிச்சை எடுக்கவும் தயார் என்று முதலமைச்சர் பேசினார். அந்தப் பேச்சில் ஆபுத்திரனின் சாயல் இருக்கிறது: அரசனாகவும் இரவலனாகவும் ஒரே ஆள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-இல் கருணாநிதி முட்டையைச் சேர்த்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது 31,008 பள்ளிகளுக்கு விரிந்து, ஏறக்குறைய 17 லட்சம் பிள்ளைகளைச் சென்றடைந்தது.

ஆட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் யாரும் வருமானச் சான்று கேட்கவில்லை. உன் அப்பா என்ன வேலை என்று ஆயாம்மா கேட்டுவிட்டுக் கரண்டியைத் தூக்கியதில்லை. சோறு வேண்டிய பிள்ளை சாப்பிடுகிறது, வேண்டாத பிள்ளை வீட்டு டப்பாவைத் திறக்கிறது. ரேஷனிலும் அப்படித்தான். 1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று நாட்டைப் பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனை விடவில்லை. பணக்காரனுக்கும் அரிசியா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்காமல் விட்டது ஒன்று: பிரிக்கிற கோட்டை யார் போடுவது, எவ்வளவு நேராகப் போடுவது?

அந்தக் கோடு தவறிப்போனால் நடப்பதை 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டம் காட்டியது. ஆதாரோடு இணைக்காததால் ஒரு குடும்பத்தின் ரேஷன் அட்டை ரத்தாகியிருந்தது. அந்த வீட்டின் 11 வயதுச் சிறுமி சோறு கேட்டுக்கொண்டே இறந்தாள் என்றார் தாய். மலேரியாவால் இறந்தாள் என்றது அரசு. எது காரணமானாலும் அட்டை ரத்தானது உண்மை. பொய்யான பெயர்களை நீக்குவது நல்ல நோக்கம்தான். ஆனால் தப்பாக ஒருவருக்குக் கூடுதலாக அரிசி போனால் கருவூலத்துக்குச் சில ரூபாய் நட்டம். தப்பாக ஒருவருக்கு அரிசி நின்றால் போவது உயிர். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிற நிர்வாகம் டெம்பிளின் வாரிசு.

மதங்கள் இதை அறியாதவை அல்ல. இஸ்லாத்தில் ஸகாத் விருப்பப்பட்டால் கொடுக்கிற பிச்சை கிடையாது. அது கடமை. கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் செல்வத்தில் உரிமை உண்டு என்றே குர்ஆன் சொல்கிறது. கொடுக்கிறவர் தன் பொருளைத் தூய்மைப்படுத்திக்கொள்கிறார், வாங்குகிறவர் தனக்குச் சேர வேண்டியதைப் பெறுகிறார். தனிமனிதர் சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு. பாகிஸ்தான் 1980-இல் இதை வங்கிக் கணக்கிலிருந்து அரசே பிடித்தம் செய்யச் சட்டம் போட்டது. ஷியா முஸ்லிம்கள் இஸ்லாமாபாத்தில் திரண்டு எதிர்த்தார்கள். அரசு பிடுங்கினால் அது வணக்கமா, வரியா என்பது வாதம். அவர்களுக்கு விலக்கு தரப்பட்டது. அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: மனம் வைத்துக் கொடுப்பதில்தான் கொடுப்பவருக்கு ஆன்மிகப் பயன். ஆனால் வாங்குகிறவர் வயிற்றுக்கு அந்த வேறுபாடு தெரியாது. கொடுப்பவரின் புண்ணியத்துக்காக ஏழையின் சோற்றைக் காத்திருக்க வைக்க முடியுமா?

வினோபா பாவே 1951-இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் பூதானத்தைத் தொடங்கியபோது தானம் என்ற சொல்லே பலருக்கு உறுத்தியது. அதற்கு அவர் ஆதிசங்கரரைத் துணைக்கு அழைத்தார். தானம் என்றால் சம்விபாகம், அதாவது சரியாகப் பங்கிடுவது என்று சங்கரர் பொருள் சொன்னதை எடுத்துக்காட்டினார். பிச்சை போடுவதல்ல, பாகம் பிரிப்பது. அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்துக் கொடுத்தால் தம்பி கும்பிட வேண்டியதில்லை. விவேகானந்தர் இன்னும் ஒரு படி மேலே போனார். கொடுக்கிறவன்தான் மண்டியிட்டு, வாங்குகிறவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார்.

காந்தி மட்டும் குறுக்கே நிற்கிறார். அவரைத் தாண்டிப் போகாமல் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். 1925-இல் யங் இந்தியாவில் எழுதியபோது, உடல்நலம் உள்ளவனுக்கு அவன் உழைக்காமல் இலவசச் சாப்பாடு போடுவதைத் தன் அகிம்சை ஏற்காது என்றார். அதிகாரம் இருந்தால் அன்னசத்திரங்களை மூடிவிடுவேன் என்றே சொன்னார். டெம்பிளும் காந்தியும் ஒரே முடிவுக்கு வந்ததுபோலத் தோன்றும். உண்மையில் இருவருக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. டெம்பிளின் கவலை கஜானா. காந்தியின் கவலை மனிதனின் மானம். சும்மா உண்கிறவன் நிமிர்ந்து நிற்கும் தெம்பை இழப்பான் என்று அவர் அஞ்சினார். 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு, நம் கிராமங்கள் நூறு நாள் வேலை என்று அழைத்ததற்கு, காந்தி பெயரை வைத்ததில் பொருத்தம் இருந்தது. அந்தச் சட்டம் சோற்றை நேரே உரிமையாக்கவில்லை. வேலையை உரிமையாக்கியது.

ஆனாலும் காந்தியின் அச்சம் நடைமுறையில் மெய்ப்பட்டதா? 2017-இல் அபிஜித் பானர்ஜியும் மூன்று ஆய்வாளர்களும் ஹோண்டுராஸ், இந்தோனேசியா, மொராக்கோ, மெக்சிகோ, நிகராகுவா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஏழு ரொக்க உதவித் திட்டங்களின் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். உதவி பெற்றவர்கள் அதனால் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு முறையான சான்று கிடைக்கவில்லை. யோசித்தால் இதில் வியப்பு இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய் வந்தால் ஒரு குடும்பம் படுத்துத் தூங்கிவிட முடியுமா? பிள்ளையின் பஸ் செலவுக்கும் மாமியாரின் மாத்திரைக்கும் போன பிறகு, மறுநாள் காலை வேலைக்குப் போகத்தான் வேண்டும். பலநேரம் பஸ்ஸுக்குக் காசு இருப்பதால்தான் வேலைக்குப் போகவே முடிகிறது. காந்தி காத்த மானத்தைக் கெடுப்பது உதவி அல்ல. உதவி கேட்டு நிற்க வைக்கும் விதம்தான்.

பள்ளிச் சோற்றின் பயன் அதைத் தின்ற பிள்ளையோடும் நிற்கவில்லை. 2021-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இந்தியாவின் மதிய உணவைப் பற்றியது. சிறுவயதில் மதிய உணவுத் திட்டம் எட்டிய பெண்கள் பின்னர் பெற்ற பிள்ளைகள், மற்றப் பிள்ளைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தோடு இருந்தார்கள் என்று அது காட்டியது. இங்கே கொடுத்தவர் யார்? தொண்ணூறுகளில் வரி கட்டிய யாரோ. வாங்கியவர் யார்? அன்று பிறந்தேயிராத குழந்தை. நன்றி சொல்லவும் வழியில்லை, பெருமை கொள்ளவும் வழியில்லை. இதைத் தானம் என்ற சொல்லுக்குள் அடக்கவே முடியாது.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லே படிப்படியாக மாறி வந்திருக்கிறது. முதலில் இலவசம் என்றார்கள். இலவச வேட்டி சேலை, இலவச டி.வி. 2011-க்குப் பிறகு விலையில்லா என்ற முன்னொட்டு வந்தது. விலையில்லா அரிசி, விலையில்லா மடிக்கணினி. விலைமதிப்பற்றது என்ற பொருளும் அதில் ஒளிந்திருந்தது. இலவசம் என்ற சொல்லின் ஏளனம் கொஞ்சம் குறைந்தது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டத்துக்கு மகளிர் உரிமைத்தொகை என்று பெயர் வைத்தார்கள். ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். வீட்டில் கூலி இல்லாமல் உழைக்கும் பெண்ணின் உழைப்புக்கு அங்கீகாரம் என்பது அரசு சொன்ன காரணம். இது சொல்லில் நடந்த பெரிய மாற்றம். இலவசத்தை ஒருவர் வேண்டாம் என்று நிறுத்திவிடலாம். உரிமையை நிறுத்த முடியாது, மறுக்கத்தான் முடியும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த அறிவிப்பிலேயே இன்னொரு சொல்லும் இருந்தது: தகுதி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் ஐந்து ஏக்கருக்குள். ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். உரிமை என்று சொல்லிவிட்டுத் தகுதி கேட்பது முரண்தானே என்று கேட்டார்கள். முரண்தான். அரசிடம் இருப்பது அமுதசுரபி இல்லை, அள்ளினால் குறையும் பாத்திரம் என்பதால் வந்த முரண். வசதி உள்ளவரை விலக்குவதில் தவறில்லை. யார் எதை நிரூபிக்க வேண்டும் என்பதில்தான் அறம் இருக்கிறது. மின்சாரக் கணக்கு அரசிடமே இருக்கிறது. அதைப் பார்த்து ஒருவரை விலக்கினால் எந்தப் பெண்ணும் யார் முன்னாலும் நின்று என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆதரவற்றவர் என்று சான்று வாங்கி வா என்று ஒரு மூதாட்டியை வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு அனுப்புவது அப்படியல்ல. பெற்ற பிள்ளை சோறு போடவில்லை என்று அவள் ஊர் அறியச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வதற்குப் பதில் பட்டினி கிடக்கிற கிழவிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இலவசங்களை எதிர்த்து வழக்கும் நடந்தது. தேர்தலில் டி.வி. தருவதாக வாக்குறுதி கொடுப்பது லஞ்சம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஊழல் நடவடிக்கையாகக் கருத முடியாது என்றது. கூடவே, அப்படிப்பட்ட வாக்குறுதிகள் தேர்தலின் நேர்மையைப் பாதிக்கின்றன என்று கவலைப்பட்டு, நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. கொடுப்பது ஒரு தலைவரின் வள்ளல்தன்மையாகக் காட்டப்படும்போது, உதவி மறுபடி ஈகையாகிறது. பையில் படம் அச்சிடுவது, மேடையில் கூப்பிட்டுக் கையில் கொடுத்துப் படம் எடுப்பது, நன்றிக் கடனை ஓட்டாகத் திருப்பிக் கேட்பது எல்லாம் அதன் அடையாளங்கள். ஊருணிக் கரையில் யாருடைய படமும் வேண்டாம். வெட்டியது ஊர்ப்பணம். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற கூலித் தொழிலாளியின் காசும் அந்தக் குளத்தில் இருக்கிறது.

ஊருணி உவமையைச் சொல்லும்போது ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. நம் ஊருணிகள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில், பொதுக் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிப்பதையே அம்பேத்கர் ஒரு போராட்டமாக நடத்த வேண்டியிருந்தது. பொதுச் சோற்றிலும் அந்த நஞ்சு கலந்தது. 2018-இல் அவிநாசி அருகே ஒரு அரசுப் பள்ளியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த சத்துணவுச் சமையலர் சமைக்கக் கூடாது என்று ஊரில் சிலர் தடுத்தார்கள். 2023 செப்டம்பரில் அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி கிராமத்துப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைச் சில பிள்ளைகள் சாப்பிடாமல் தவிர்த்தார்கள். அமைச்சரும் எம்.பி.யும் கலெக்டரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வாங்குகிறவரின் தகுதியைச் சோதித்த சமூகம், இங்கே கொடுக்கிற கையின் தகுதியையும் சோதிக்கிறது. ஒரே பந்தியில் பிள்ளைகளை உட்கார வைத்தது பள்ளிச் சோற்றின் பெரிய சாதனை. அது முழுமை அடையவில்லை.

ஒப்புரவைச் சட்டமாக்கும் முயற்சியும் இந்தியாவில் நடந்திருக்கிறது. 2001-இல் ராஜஸ்தானில் வறட்சி. உணவுக் கழகக் கிடங்குகளில் கோதுமை மூட்டைகள் குவிந்து கிடந்தன. கிடங்குக்கு வெளியே மக்கள் பட்டினி. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் உணவும் அடங்கும் என்பது வாதம். அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று வந்த இடைக்கால ஆணை, நாடெங்கும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரச் சொன்னது. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டில் 200 நாள். ஓரணாவுக்கு மிகாமல் என்று தொடங்கிய கணக்கு, இத்தனை கலோரிக்குக் குறையாமல் என்று புரண்டது. மிகாமல் என்பது கொடுப்பவர் போடும் எல்லை. குறையாமல் என்பது வாங்குபவர் பக்கத்திலிருந்து போடும் எல்லை. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்குப்படி 2015–16-இல் இந்தியாவில் ஏழைகள் 24.85 விழுக்காடு. 2019–21-இல் 14.96. தமிழ்நாட்டில் 4.76-லிருந்து 2.20. இதில் உதவித் திட்டங்களின் பங்கு மட்டும் எவ்வளவு என்று தனியாகப் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் மதிய உணவையும் ரேஷனையும் விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆபுத்திரனுக்கு நேர்ந்தது ஒரு நாள் அரசுக்கும் நேர வேண்டும். பசித்தவர் உண்டா என்று தேடிப் போய் ஆளில்லாமல் திரும்ப வேண்டும். இந்திரன் தண்டனையாகத் தந்ததை ஒரு நாடு வரமாக வேண்டிக்கொள்ளலாம்.

அதுவரை மிச்சம் இருப்பவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் முதியவர்கள். உழைத்து முடித்தவர்களிடம் உழைக்காமல் உண்ணாதே என்று காந்தியும் சொல்லமாட்டார். முதுமையிலும் நோயிலும் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. தமிழ்நாடு 1962-இலேயே மாதம் 20 ரூபாயில் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய மாநிலம். 2023-இல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ள ஓர் ஏழைக்கு மத்தியப் பங்கு என்று ஒரு தொகை உண்டு. அதை உயர்த்தி விலைவாசியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்காகக் குரல் கொடுக்க வேண்டியவர்கள், ஓய்வூதியத்துக்கு மனுப் போடத் தேவையில்லாத நாம்தான். 2007-இல் அந்த மத்தியப் பங்கு மாதம் 200 ரூபாயாக இருந்தது. 2025-இலும் அதே 200 ரூபாய்தான்.